இரண்டு கையிலும் பாருங்கள்

2016 மாரியில்தான் முதலில் கவனித்தேன். காலையில் தலை பின்னும்போது பாதிப் பின்னலிலேயே இடது கை ஓய்ந்துவிடும். வலி என்று சொல்ல முடியாது. கை கனக்கும், விரல் குளிரும், தானாகக் கீழே இறங்கும். கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் சரியாகும். மறுபடி தூக்கினால் மறுபடி அதே. கொடியில் உடுப்புக் காயப்போடும்போதும் இப்படித்தான், மழைக்குக் குடை பிடிக்கும்போதும் இப்படித்தான்.

"இடப் பக்கம் சரிஞ்சு படுத்திருப்பாய் புள்ள" என்றார் அம்மா. நானும் அதைத்தான் நம்பினேன்.

அப்போது எனக்கு 26 வயது. வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில், பாடசாலை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். விடிய வெளிக்கிட்டு, குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, மண்டூர்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து பஸ். விஞ்ஞானம் படிப்பித்தேன். பின்னேரம் வீடு வரும்போது உடம்பை அடித்துப் போட்டதுபோல இருக்கும். இரவில் லேசாகக் காயும். விடியும்போது தலையணை நனைந்திருக்கும். நான்கு மாதத்தில் 53 கிலோ 47 ஆனது. கழுத்தின் வலது பக்கம் தொட்டால் நோகும். இவையெல்லாம் ஒரே வருத்தம் என்று யாருக்குத் தோன்றும்? பயணக் களைப்பு, தடிமன், சாப்பாடு போதாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

ஒரு தனியார் வைத்தியரிடம் போகத் தொடங்கினேன். கெட்ட மனிதர் அல்ல, பொறுமையாகக் கேட்பவர். பிரஷர் பார்த்தார்: 85க்கு 55. "லோ பிரஷர். இரத்தமும் குறைவு. உப்புக் கொஞ்சம் கூடச் சேருங்க, தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை தந்தார். எட்டு மாதம் அப்படியே செய்தேன். தேசிக்காய்த் தண்ணீரில் உப்பு, கஞ்சியில் உப்பு, மத்தியானச் சோற்றோடு கருவாடு. போகும்போதெல்லாம் இடது கையில்தான் பிரஷர் பார்ப்பார். அந்த அறையில் மேசை போட்டிருந்த விதத்தில் நோயாளியின் இடது கைதான் அவருக்குக் கிட்ட வரும். வேறு காரணம் எதுவும் இல்லை. ஒருநாள் மெசினில் எண்ணே விழவில்லை. பட்டரி போயிருக்கும் என்று சொல்லி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதன் பிறகும் சரியாக விழவில்லை. "கை மெலிசு, அதுதான்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குக் காலையில் எழும்பும்போதே பின்மண்டை இடிக்கத் தொடங்கியிருந்தது. வகுப்பில் நிற்கும்போது கண் முன்னால் மங்கும். லோ பிரஷர்தானே என்று இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிப்பேன். இதை எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

அம்மம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மறுகா எத்தின நாளைக்கு இந்தக் குளிசையத் தின்னுறது? பரியாரியாரிட்ட ஒருக்காக் காட்டுவம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பரியாரியார் எழுபது கடந்தவர். பெண்களுக்கு இடது கையில் நாடி பார்ப்பது நாட்டு வைத்தியத்தில் வழக்கம். மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடினார். விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். கொஞ்சம் அழுத்தினார். எடுத்து, தோளில் கிடந்த சால்வையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வலது கையைப் பிடித்தார். அங்கே வைத்த உடனேயே விரலை எடுத்துவிட்டார். கடைசியில் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"இந்தக் கையில நாடி இல்ல மகள். இது என்ட மருந்துக்கு அடங்கிற வருத்தமில்ல. நாளைக்கு எண்டு வைக்காம இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அம்மம்மாவைப் பார்த்துச் சொன்னார். காசு வாங்கவில்லை. அந்த மனிதர் அன்றைக்கு ஒரு கசாயத்தைத் தந்து அனுப்பியிருந்தால் நாங்கள் நம்பிக் குடித்திருப்போம். தன்னால் ஆகாது என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மட்டக்களப்பில் வார்டில் சேர்த்த அன்று ஓர் இளம் பெண் டொக்டர் வலது கையில் பிரஷர் பார்த்தார். 176க்கு 104. இடது கையில் எண் எதுவும் வரவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். காலிலும் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். காரை எலும்புக்கு மேல் குழல் வைத்துக் கேட்டுவிட்டு இன்னொரு டொக்டரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். ஒடுங்கிய குழாய்க்குள் இரத்தம் நெருக்கியடித்துப் போகும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமாம். உடம்பில் வீக்கம் இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் 96. சாதாரணமாக என் வயதுப் பெண்ணுக்கு 20க்குள் இருக்க வேண்டியது.

எட்டு மாதம் நான் உப்புத் தின்றது, உண்மையில் ஏறிக் கிடந்த பிரஷருக்கு மேலே. இடது கைக்குப் போகும் குழாய் அடைபட்டிருந்ததால் அங்கே எண் குறைவாக விழுந்தது. உடம்பின் மற்ற இடமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த அனுபவத்திலிருந்து நான் ஒரேயொரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ காரணம் தெரியாத களைப்பு, மயக்கம், தலையிடி என்று போகும்போது, ஒரு தடவையாவது இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஐந்து, பத்து வித்தியாசம் பலருக்கும் இருக்கும், பயப்படத் தேவையில்லை. மேல் எண்ணில் 20க்கு மேல் வித்தியாசம் வந்தால், திரும்பப் பார்த்தும் அப்படியே வந்தால், அதற்குக் காரணம் தேட வேண்டும்.

வருத்தத்தின் பெயர் டக்கயாசு ஆர்ட்டரைட்டிஸ். ஜப்பானில் மிக்கிட்டோ டக்கயாசு என்ற கண் வைத்தியர் 1908இல் ஓர் இளம் பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் வழமைக்கு மாறாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டு எடுத்துச் சொன்னார். அப்படியான நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடித் துடிப்பும் இல்லை என்று அங்கேயே வேறு வைத்தியர்கள் சொன்னார்கள். நாடியில்லா நோய் என்றே இதற்கு இன்னொரு பெயர் உண்டு. பெரும்பாலும் 40 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வருவது. மிக அரிது, பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு ஓரிருவருக்குப் புதிதாக வரலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆசிய நாடுகளில் கொஞ்சம் அதிகம்.

நாடி என்ற சொல்லை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்கு நாடி என்று பெயர்; பரியாரியார் விரலில் உணர்கிற துடிப்பும் நாடிதான். எத்தனையோ தடவை கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் பெருநாடியை வளைத்து வரைந்து, அதிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் போகும் கிளைகளைக் காட்டியிருக்கிறேன். என் உடம்பின் காவலே, கிருமியோடு போராட வேண்டிய அதே அணுக்களே, அந்தக் குழாயின் சுவரைத் தாக்கிக்கொண்டிருந்தன. சுவர் வீங்குகிறது, தடிக்கிறது, உள்ளே வழி ஒடுங்குகிறது. அந்த வீக்கக் காலத்தில்தான் காய்ச்சல், வியர்வை, மெலிவு எல்லாம். அதை யாரும் கண்டுபிடிக்காமல் விட்டால், தழும்பாகி இறுகிப்போன பிறகு கை ஓய்வதும் நாடி மறைவதும்.

பெயரால் வந்த தொல்லையையும் சொல்ல வேண்டும். ஆர்ட்டரைட்டிஸ் என்று நாங்கள் சொன்னது சொந்தக்காரர் காதில் ஆர்த்ரைட்டிஸ் என்று விழுந்தது. மூட்டுவாதத்துக்கு எண்ணெய், தைலம், இஞ்சிக் கசாயம் எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஒரு தடவை அவசரப் பிரிவிலும் யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள். அதன் பிறகு நான் நோயின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, 'பெருநாடியும் அதன் கிளைகளும் வீங்கும் நோய்' என்றே சொல்லப் பழகினேன். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பேர்சில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கீழே ஒரு வரி: இடது கையில் பிரஷர் பார்க்க வேண்டாம்.

ஸ்கேனுக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரவு ரயில், பக்கத்தில் அப்பா. நரம்புக்குள் மருந்து ஏற்றிக் குழாய்களைப் படமெடுப்பார்கள். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும், போகாது. முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போவதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தாயும் மகனும் அப்படித்தான் திரும்பிப் போனார்கள்.

டொக்டர் படத்தைத் திரையில் காட்டினார். வலது கைக்குப் போகும் கிளை ஒரு விரல் தடிப்பில் வெள்ளையாகத் தெரிந்தது. இடது கிளை தோளுக்குக் கீழே நூல்போல மெலிந்து, ஓர் இடத்தில் இல்லாமலே போய், அதைச் சுற்றி வேர்போலச் சின்னச் சின்னக் குழாய்கள் முளைத்திருந்தன. பெரிய வழி அடைபட்டதும் உடம்பு தானே ஒழுங்கைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. அதனால்தான் கை கறுத்துப் போகாமல் பிழைத்தது. இடது சிறுநீரகத்துக்குப் போகும் நாடியும் ஒடுங்கியிருந்தது. பிரஷர் ஏறியதற்கு அதுதான் காரணம்.

"மருந்து போட்டா இந்தக் கை பழையபடி வருமா சேர்?" என்று அப்பா கேட்டார்.

"வீக்கம் வத்தும். தழும்பான இடம் திறக்கிறது கஷ்டம். மற்றக் குழாயெல்லாம் இப்பிடி ஆகாமப் பாக்கிறதுதான் எங்கட வேலை."

இந்தப் பதிலை எல்லா நோயாளிக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நாடி திரும்பி வரவில்லையே, மருந்து வேலை செய்யவில்லையே என்று நம்பிக்கை இழந்து மருந்தை விட்டவர்களை நான் கிளினிக் வாங்கிலேயே சந்தித்திருக்கிறேன். எனக்கும் இடது மணிக்கட்டில் நாடி திரும்பவில்லை. ஆனால் வலது கையின் நாடி அன்றிருந்தபடியே இருக்கிறது. மருந்து செய்த வேலை அதுதான். அடைப்பைப் பலூன் வைத்து விரிக்கலாமே என்று நானும் கேட்டேன். வீக்கம் கனன்றுகொண்டிருக்கும்போது அதில் கை வைத்தால் திரும்ப அடைபடும் வாய்ப்பு அதிகம், முதலில் நோய் அடங்க வேண்டும் என்றார். பிறகு கை அவ்வளவாகத் தொந்தரவு தராததால் அது தேவைப்படவில்லை.

சிகிச்சை 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தில் தொடங்கியது. 5 மில்லிகிராம் குளிசை எட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. பத்து நாளில் காய்ச்சல் போயிற்று, கழுத்து நோவு போயிற்று. ஆறு வாரத்தில் ஈஎஸ்ஆர் 30க்கு இறங்கியது. அதற்கு விலை வேறு. இரவு இரண்டு மணிக்கு வயிறு காந்தும். எழும்பிப் போய் அடுக்களையில் பழஞ்சோற்றைப் பிசைந்து தின்பேன். நித்திரை இல்லை. சின்ன விஷயத்துக்கு அழுகை. மூன்றாம் மாதம் கண்ணாடியில் தெரிந்த முகம் என்னுடையதாக இல்லை; கன்னம் பந்துபோல, உதட்டுக்கு மேல் பூனைமுடி. பாதையில் கூட வருகிற ஒரு ஆசிரியை "நல்லா ஊதிட்டீங்க, சந்தோசம்தானே" என்று கேட்டபோது வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் அந்தப் பிழையைச் செய்தேன். 2018இல் மச்சாளின் கலியாணம். ஐந்தாறு நாள் குளிசையை விட்டால் முகம் வற்றும் என்று யாரோ சொன்னதை நம்பி, யாரிடமும் சொல்லாமல் முழுவதுமாக நிறுத்தினேன். அப்போது 15 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் சத்தி. ஐந்தாம் நாள், தாலி கட்டி முடிந்து பந்தி வைத்துக்கொண்டிருக்கும்போது, கையில் பாயாசக் கிண்ணத்தோடு விழுந்தேன். வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது பிரஷர் உண்மையாகவே இறங்கியிருந்தது, வலது கையில். நரம்பில் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற அதே வகை மருந்தை ஏற்றிய பிறகுதான் கண் திறந்தேன்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி இயற்கையாகவே இந்த வகைச் சுரப்பைச் செய்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்காகக் குளிசை வந்தால் அது வேலையை நிறுத்திவிடும். திடீரென்று குளிசையை விட்டால், வெளியிலிருந்தும் இல்லை, உள்ளேயிருந்தும் இல்லை. ஆகவே ஸ்டீரொயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, டொக்டர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும். காய்ச்சல், அடிபடுதல், சத்திரசிகிச்சை என்று வரும்போது அளவைக் கூட்ட வேண்டி வரும். எனக்குச் சொல்லியிருக்கிறது, காய்ச்சல் நாளில் இரட்டிப்பு. சத்தியெடுத்துக் குளிசை வயிற்றில் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசிக்குப் போக வேண்டும். உங்கள் கணக்கு என்ன என்பதை உங்கள் டொக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகம் வற்றும் என்று அன்று எனக்கு யாராவது உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அளவு குறையக் குறைய அது தானாக வற்றியது. 10க்குக் கீழே வந்த சில மாதங்களில் என் பழைய படங்களோடு ஒத்துப்போனது.

பிரெட்னிசொலோனைக் குறைப்பதற்காகவே இன்னொரு மருந்து சேர்ப்பார்கள். எனக்கு முதலில் மெதோட்ரெக்சேட். இது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. எனக்கு ஞாயிற்றுக்கிழமை 2.5 மில்லிகிராம் குளிசை ஆறு, புதன்கிழமை போலிக் அசிட். ஒரு தடவை வெளிக் கடையில் வாங்கியபோது உறையில் 'தினமும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் வந்து பார்த்துத்தான் கண்டேன். இந்த மருந்தைத் தினமும் போட்டால் வாய் வெந்து, எலும்பு மச்சையில் இரத்த அணு உற்பத்தியே நின்று, ஆள் இறந்துபோகலாம். எழுதப் படிக்க இயலாத ஒரு வயோதிபர் கையில் அந்த உறை போயிருந்தால்? திரும்பிப் போய்ச் சொன்னேன், மாற்றி எழுதித் தந்தார்கள். அன்றிலிருந்து சமையலறைக் கலண்டரில் ஞாயிறுகளைச் சிவப்பால் வட்டமிட்டு, போட்டதும் வெட்டிவிடுவேன். அம்மாவுக்கும் அந்த வட்டம் என்ன என்று தெரியும்.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. உப்பைக் குறைத்தேன், கருவாட்டை விட்டேன். களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்குள்ளவர்களுக்கு விளங்கும். ஸ்டீரொயிட் எலும்பைக் கரைப்பதால் கல்சியம், விட்டமின் டி குளிசையோடு எங்கள் எருமைத் தயிரும் தினமும், சீனியோ பாணியோ இல்லாமல். சீனி ஏறுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். கண்ணில் வெண்புரை விழலாம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை கண் கிளினிக். கசாயம், லேகியம் எதுவும் டொக்டரைக் கேட்காமல் சேர்ப்பதில்லை. ஈரலைக் கெடுக்கக்கூடிய மருந்தை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னபோது பரியாரியாரே ஒத்துக்கொண்டார். வருத்தத்தின் பெயரைக் கேட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஆசிரியராக இருப்பதால் எனக்கு இன்னொரு பயம் இருந்தது: கொப்புளிப்பான். எங்கள் ஊரில் அதை அம்மாள் வருத்தம் என்று சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டி, பேசாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் அதைத் தாங்கிவிடுவார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து போடுகிறவர்களுக்கு அது நுரையீரல் வரை போகலாம். ஒன்பதாம் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே கிளினிக்கில் சொன்னேன். உடனே வரச் சொல்லி, கிருமியெதிர்ப்புக் குளிசை தந்து, இரண்டு கிழமை விடுப்பு எழுதித் தந்தார்கள். எனக்கு வரவில்லை. அதிபரிடமும் பெற்றோரிடமும் வெட்கப்படாமல் நிலைமையைச் சொல்லி வைத்திருந்ததால்தான் எனக்கு நேரத்துக்குத் தெரிய வந்தது. வருத்தத்தை ஒளிக்கிற ஊரில் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உயிருள்ள கிருமியில் செய்யும் தடுப்பூசிகளும் இந்த மருந்துகளோடு ஆகாது. எந்த ஊசிக்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2019இல் எனக்குக் கலியாணம். பெண் பார்க்க வந்த அன்றே கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். மாப்பிள்ளை அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தபோது முதலில் போனது கிளினிக்குக்குத்தான். மெதோட்ரெக்சேட் கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். அதை நிறுத்தி அசதியோபிரினுக்கு மாற்றி, மூன்று மாதம் காத்திருந்து, நோய் அடங்கியிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் சரி சொன்னார்கள். கர்ப்பத்தில் பிரஷர்தான் பெரிய ஆபத்து. எங்கள் மருத்துவமாது முதல் நாளே என் கர்ப்பப் பதிவு அட்டையின் மேல் ஓரத்தில் சிவப்புப் பேனையால் 'வலது கை மட்டும்' என்று எழுதி இரண்டு கோடு கீறினார். ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிற நேர்ஸ்மார் அதைப் பார்த்துவிட்டே பட்டியைச் சுற்றினார்கள். மாதாமாதம் நான் வாயால் கெஞ்சிக்கொண்டிருந்ததை அந்தச் சிவப்புக் கோடு ஒரேயடியாக முடித்துவைத்தது. மகள் 2022 தையில் பிறந்தாள், 2.4 கிலோ. இப்போது ஓடித் திரிகிறாள்.

அந்த வருடத்தின் நடுப்பகுதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை, மருந்தும் இல்லை. அசதியோபிரின் கிளினிக்கிலும் இல்லை, வெளியிலும் இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று என் கணவர் விசாரிக்காத பார்மசி இல்லை. ஐந்து கிழமை அந்த மருந்தில்லாமல் இருந்தேன். ஆறாம் கிழமை கழுத்தில் பழைய நோவு. தொட்டதுமே தெரிந்துவிட்டது. கட்டாரில் இருக்கும் தம்பி மருந்து அனுப்பி, பிரெட்னிசொலோன் திரும்ப 30க்கு ஏறி, அடங்க எட்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து ஒரு மாத மருந்து எப்போதும் மிச்சம் வைத்திருக்கிறேன், பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைப்பேன். ஐப்பசி பிறந்தால் இரண்டு மாதம். மாரியில் வெள்ளம் வந்து வீதி தடைப்படுவது எங்களுக்குப் புதிதில்லையே. குளிசையும் கிளினிக் கொப்பியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. வெளிக்கிடச் சொன்னால் மகளைத் தூக்குகிற கையோடு அதைத் தூக்கலாம்.

அந்தத் திரும்பி வந்த நேரத்தில் இன்னொன்றும் கற்றேன். கழுத்து நொந்தபோது ஈஎஸ்ஆர் 24தான். ஐந்து வருடத்துக்கு முன் 96 காட்டிய அதே உடம்பு. இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தாலும் குழாய்ச் சுவரில் வீக்கம் இருக்கலாம் என்று டொக்டர் ஸ்கேன் எடுக்க வைத்தார். வலது கழுத்து நாடியின் சுவர் தடித்திருந்தது. ரிப்போர்ட்டில் எண் நல்லது என்பதற்காக உங்கள் உடம்பு சொல்வதைச் சொல்லாமல் விடாதீர்கள். நான் இப்போது ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்: எந்தத் திகதி, எங்கே நோவு, தலை பின்ன எத்தனை தடவை கையை இறக்கினேன், மாடிப்படி ஏறும்போது கால் கனத்ததா. கிளினிக்கில் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்தக் கொப்பியைத் திறந்து கொடுத்தால் டொக்டர் அதிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குகிறார்.

இந்த மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்கு டொசிலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. அதற்கு முன் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஊசி போட்டால், வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை எண் எப்படியும் இறங்கிவிடும், ஆகவே அந்த எண்ணை நம்பி இருக்க முடியாது என்று டொக்டர் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

இப்போது பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம், அசதியோபிரின் 100, பிரஷருக்கு அம்லோடிபின். வலது கையில் நேற்றுப் பார்த்தபோது 128க்கு 80. மகளை வலது இடுப்பில்தான் தூக்குவேன். தலையை இரண்டு தவணையில் பின்னி முடிக்கிறேன்.

அடுத்த மாதம் வருடாந்த ஸ்கேன். இரண்டு நாள் விடுப்புக் கேட்டாயிற்று, சிறுநீரக ரிப்போர்ட் எடுத்தாயிற்று. இரவு ரயிலில் யன்னலுக்கு இடது தோள் படாத இருக்கையாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கை அழுந்திக் கிடந்தால் மாகோ ரயில் நிலையம் தாண்டும் முன்னே விறைத்துவிடும்.